பட்டனெல்லாம் சரி, அதிர்வு மட்டும் இல்லை!

வாசகர் கேள்வி – பதில்: பழைய கேம் கன்சோல் பராமரிப்பு

மும்பை வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கன்ட்ரோலர் வைப்ரேஷன் பற்றியவை. சிலருக்கு அதிர்வு வரவில்லை, சிலருக்கு வந்த அதிர்வு நிற்கவில்லை. ஒரே மாதிரி பழுதுகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

*கேள்வி: என் பிளேஸ்டேஷன் 2 கன்ட்ரோலரில் பட்டன், ஸ்டிக் எல்லாம் கச்சிதமாக வேலை செய்கின்றன. வைப்ரேஷன் மட்டும் போய்விட்டது. கடையில் கேட்டால், "புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். ரிப்பேர் செய்ய வழி உண்டா?*
– செம்பூர் வாசகர்

தாராளமாக உண்டு. பழுது எங்கே என்று பார்க்காமல் புதிது வாங்க வேண்டாம். பழுது கன்சோலில் இருந்தால் புதுக் கன்ட்ரோலரும் அதிராது, பணம்தான் வீண்.

பட்டன் வேலை செய்வதால் கன்ட்ரோலருக்கு கரண்ட் ஒழுங்காகப் போகிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. பிளேஸ்டேஷன் 1, 2 இரண்டிலும் கன்ட்ரோலர் போர்ட்டில் 9 பின்கள். 5-வது பின்னில் வரும் சுமார் 3.5 வோல்ட், சிப்புக்கும் பட்டன்களுக்கும். மோட்டார்களுக்கு 3-வது பின்னில் தனியாக 7.5 வோல்ட் வருகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள 4-வது பின் கிரவுண்ட். வீட்டில் லைட்டுக்கு ஒரு பியூஸும் தண்ணீர் மோட்டாருக்கு ஒரு பியூஸும் தனித்தனியாக இருப்பது போலத்தான். மோட்டார் லைன் போனாலும் லைட் எரிந்துகொண்டே இருக்கும்.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் கேமின் ஆப்ஷன்ஸ் மெனுவில் வைப்ரேஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். மெமரி கார்டில் சேமித்த பழைய செட்டிங், அதை ஆஃபிலேயே வைத்திருக்கும். பிளேஸ்டேஷன் 1 டிஸ்க் போட்டு ஆடுகிறீர்கள் என்றால் அனலாக் பட்டனை அழுத்திச் சிவப்பு விளக்கு எரியவிட்டுப் பாருங்கள். அடுத்து, இதே கன்ட்ரோலரை இரண்டாவது போர்ட்டிலும் வேறொரு கன்ட்ரோலரை முதல் போர்ட்டிலும் சொருகுங்கள். இரண்டாவது போர்ட்டில் அதிர்ந்தால் கன்ட்ரோலர் மேல் குற்றமில்லை. எந்தப் போர்ட்டிலும் எந்தக் கன்ட்ரோலரும் அதிரவில்லை என்றால் கன்சோலைத்தான் பார்க்க வேண்டும்.

கன்ட்ரோலர்மேல்தான் சந்தேகம் என்றால், மேசையில் துணி விரித்து அதைக் கவிழ்த்து வைத்து, பின்பக்க ஸ்க்ரூக்களைச் சிறிய ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றுங்கள். பின்மூடியை நேராக மேலே தூக்குங்கள். சாய்த்துத் தூக்கினால் எல்2, ஆர்2 பட்டன்கள் கழன்று விழுந்துவிடும், பிறகு கட்டிலுக்கு அடியில் தேட வேண்டியதுதான். கையில் பிடிக்கும்போது இடது கைப்பிடியில் இருப்பது பெரிய மோட்டார், வலதில் இருப்பது சின்னது. இப்போது கவிழ்த்து வைத்திருப்பதால் இடம் மாறித் தெரியும். கழற்றிய மோட்டார்களை மாற்றிப் பொருத்திவிடாமல் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்த நிலையிலேயே கன்சோலில் சொருகி ஆன் செய்யுங்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சோனி ஒரிஜினல் கேபிளில் சாம்பல் நிற ஒயர் மோட்டார் சப்ளை, கறுப்பு கிரவுண்ட், சிவப்பு 3.5 வோல்ட். டூப்ளிகேட்டில் நிறத்தை நம்பாதீர்கள், பிளக்கின் பின்னிலிருந்து கன்டின்யுட்டி (இணைப்பு அறுபடாமல் இருந்தால் மீட்டர் பீப் அடிக்கும் சோதனை) பார்த்துத்தான் ஒயரை அடையாளம் காண வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரின் சால்டர் புள்ளியிலும், சிவப்பு முனையைச் சாம்பல் ஒயரின் புள்ளியிலும் வையுங்கள். முனை வழுக்கி இரண்டு புள்ளிகளையும் ஒன்றாகத் தொட்டுவிட்டால் கன்சோலின் பியூஸ் போய்விடும். அவசரம் வேண்டாம்.

7 முதல் 8 வோல்ட்டுக்குள் காட்டினால் சப்ளை வந்து சேருகிறது, பழுது மோட்டாரிலோ அதை ஓட்டும் டிரான்சிஸ்டரிலோ. ஒன்றுமே காட்டவில்லை என்றால் கேபிள் அல்லது கன்சோல். கன்ட்ரோலரைப் பிடுங்கிவிட்டு, பிளக்கின் 3-வது பின்னுக்கும் சாம்பல் ஒயரின் சால்டர் புள்ளிக்கும் இடையே பீப் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். பார்க்கும்போதே, கேபிள் கன்ட்ரோலருக்குள் நுழையும் கழுத்தை இப்படியும் அப்படியும் வளையுங்கள். ஒயர் உள்ளே அறுவது பெரும்பாலும் அந்தக் கழுத்தில்தான். கன்ட்ரோலர்மேல் கேபிளை இறுக்கிச் சுற்றி வைக்கும் பழக்கமே இதற்குக் காரணம். பீப் விட்டுவிட்டு வந்தால், அறுந்த இடத்தைத் தாண்டிக் கேபிளை வெட்டி, ஒவ்வொரு ஒயரையும் அதனதன் இடத்தில் மறுபடி சால்டர் செய்துவிடலாம்.

கேபிளும் நன்றாக இருந்தால் மிச்சம் கன்சோலின் உள்ளே கன்ட்ரோலர் போர்ட் லைனில் இருக்கும் குட்டி பியூஸ். பருமனான பிளேஸ்டேஷன் 2-இன் உள்ளேயே 230 வோல்ட் பவர் சப்ளை இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்கள் காலியாக நேரம் கொடுத்த பிறகே திறக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். போன பியூஸுக்குப் பதில் ஒரு துண்டு ஒயரை வைத்துச் சால்டர் செய்து தருபவர்கள் உண்டு. அதை அனுமதிக்காதீர்கள். பியூஸ் போனதற்கு எங்கோ ஒரு ஷார்ட் காரணமாக இருக்கும். நசுங்கிய மோட்டார் ஒயரோ, உள்ளே ஷார்ட் ஆன மோட்டாரோ. அதைக் கண்டுபிடிக்காமல் ஒயர் வைத்தால், அடுத்த முறை எரிவது போர்டின் செம்புத் தடம்.

சப்ளை வந்தும் மோட்டார் அசையவில்லையா? மோட்டாரின் ஒரு ஒயரை போர்டிலிருந்து எடுத்துவிட்டு, சாதாரண 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் இரு முனைகளையும் மோட்டாரின் இரண்டு ஒயர்களில் தொடுங்கள். நல்ல மோட்டார் உடனே சுற்றும். சுற்றாமல், மோட்டாரின் சுழலும் தண்டில் (ஷாஃப்ட்) இருக்கும் எடையைப் பல்குச்சியால் லேசாகத் தள்ளியதும் கிளம்பினால், உள்ளே கரண்டைக் கடத்தும் உரசு பாகங்களான பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் கறுத்திருக்கின்றன என்று அர்த்தம். கடற்காற்றும் மழைக்கால ஈரமும் உள்ள மும்பையில், வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த கன்ட்ரோலர்களுக்கு வரும் வழக்கமான நோய் இது. மோட்டாரின் ஷாஃப்ட் ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு கான்டாக்ட் கிளீனர் விட்டு, பேட்டரியை இரண்டு திசையிலும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். பல மோட்டார்கள் இதிலேயே பிழைத்துக்கொள்ளும். தள்ளியும் அசையாதது, மீட்டரில் ஓம்ஸ் எதுவும் காட்டாதது என்றால் மாற்ற வேண்டியதுதான். புது மோட்டாரில் ஒயர் திசை மாறினாலும் எதிர்ப்பக்கம் சுற்றும், அதிர்வில் வித்தியாசம் தெரியாது.

*கேள்வி: பிளேஸ்டேஷன் 1 டூயல்ஷாக் கன்ட்ரோலரைச் சொருகியவுடனே அதிர ஆரம்பிக்கிறது. கேம் போடாவிட்டாலும் நிற்பதில்லை. ஏன்?*
– தாராவி வாசகர்

வழக்கமான அமைப்பில் மோட்டாரின் ஒரு முனை சப்ளையிலேயே இருக்கும், மறுமுனை ஒரு டிரான்சிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்குப் போகும். கேம் உத்தரவு கொடுக்கும்போது மட்டும் டிரான்சிஸ்டர் வழிவிடும். அது உள்ளே ஷார்ட் ஆகிவிட்டால் வழி எப்போதும் திறந்தே கிடக்கும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டாரின் ஒயர் உறை உரிந்து கிரவுண்ட் தகடைத் தொட்டாலும் இதே கதைதான். எனவே முதலில் ஒயர்களைக் கண்ணால் பாருங்கள்.

அடுத்து போர்டைப் பாருங்கள். டீயோ கூல்டிரிங்ஸோ சிந்தியிருந்தால், அல்லது கைவியர்வை உள்ளே இறங்கியிருந்தால், டிரான்சிஸ்டர் கால்களுக்கு நடுவே பச்சையாகவோ வெள்ளையாகவோ ஒரு படலம் தெரியும். 99 சதவீத ஐசோபிரைல் ஆல்கஹாலில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, நன்றாக உலர்த்திவிட்டுச் சொருகிப் பாருங்கள். டிரான்சிஸ்டரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் இதைச் செய்தே ஆக வேண்டும்.

அப்படியும் நிற்கவில்லை என்றால், கன்ட்ரோலரைப் பிடுங்கிவிட்டு, டிரான்சிஸ்டரின் மோட்டார் பக்கக் காலுக்கும் கிரவுண்ட் காலுக்கும் இடையே பீப் பாருங்கள். மோட்டார் ஒயரை எடுத்துவிட்டு அளக்க வேண்டும். இரண்டு திசையிலும் பீப் அடித்தால் டிரான்சிஸ்டர் போய்விட்டது. மோட்டாருக்குக் குறுக்கே இருக்கும் டயோடு இதற்கு நேர் எதிர். மோட்டார் நிற்கும்போது திரும்பிப் பாயும் மின்னழுத்தத்தை விழுங்குவது அதன் வேலை. அது ஷார்ட் ஆனால் மோட்டார் சுற்றவே சுற்றாது, கன்சோல் பியூஸும் சேர்ந்து போகும். ஆக, நிற்காத மோட்டார் என்றால் டிரான்சிஸ்டர். ஓடாத மோட்டாரும் திரும்பத் திரும்பப் போகும் பியூஸும் என்றால் டயோடையும் அளங்கள்.

மாற்றுப் பாகத்துக்கு அதே மாடலின் பழுதான கன்ட்ரோலர் ஒன்றை வாங்கி அதிலிருந்து எடுப்பதே நல்லது. கடுகளவு பாகத்தின்மேல் அச்சிட்ட குறியீட்டை வைத்துக் கடையில் ஒத்த பாகம் தேடுவதைவிட நம்பகமானது.

*கேள்வி: மோட்டார் சுற்றும் "விர்ர்" சத்தம் கேட்கிறது, கையில் அதிர்வே தெரியவில்லை.*
– டோம்பிவிலி வாசகி

ஷாஃப்டில் ஒருபக்கம் கனமாகப் பொருத்திய எடைதான் அதிர்வைத் தருகிறது. மோட்டார் வெறுமனே சுற்றினால் அதிர்வு வராது. கன்ட்ரோலர் கீழே விழுந்திருந்தால் எடை ஷாஃப்டிலிருந்து நழுவியிருக்கும், அல்லது ஷாஃப்ட் மட்டும் அதற்குள் வழுக்கிச் சுற்றும். திறந்து எடையை விரலால் திருப்பிப் பாருங்கள். மோட்டாரின் லேசான காந்தப் பிடிப்பு விரலுக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் லொட லொட என்று சுற்றினால் எடை கழன்றிருக்கிறது.

ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை இதற்கு ஆகாது. நீராக ஓடி மோட்டாரின் புஷ்ஷுக்குள் இறங்கி ஷாஃப்டையே பிடித்துவிடும். இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸியைக் குண்டூசித் தலையளவு எடுத்து, எடையின் துளைக்குள் மட்டும் தடவி, ஷாஃப்டில் ஏற்றி, மோட்டார் உடலை எடை உரசாத தூரத்தில் நிறுத்துங்கள். ஒரு முழு நாள் காயட்டும்.

"விர்ர்" சத்தத்தோடு "கடகட"வும் சேர்ந்தால் மோட்டார் பிளாஸ்டிக் தொட்டிலில் ஆடுகிறது. அடியில் மெல்லிய ஃபோம் டேப் ஒரு துண்டு போதும். மூடும்போது மோட்டார் ஒயர் எடையின் சுற்றுப் பாதைக்குள் வராமல் ஓரமாக ஒதுக்குங்கள். ஏற்கெனவே ஒருமுறை ரிப்பேருக்குப் போய்வந்த கன்ட்ரோலர் என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். எடை சுற்றிச் சுற்றி ஒயரின் உறையை அறுத்துவிடும்.

*கேள்வி: சோர் பஜாரில் பிளேஸ்டேஷன் 1 கன்ட்ரோலர் ஒன்று வாங்கினேன். இரண்டு ஸ்டிக்கும் உண்டு, அனலாக் பட்டனும் உண்டு. வைப்ரேஷன் மட்டும் வரவில்லை. ஏமாந்துவிட்டேனா?*
– சயான் கோலிவாடா வாசகர்

பின்பக்க லேபிளில் மாடல் எண்ணைப் பாருங்கள். எஸ்சிபிஎச்-1180 என்று இருந்தால் கன்ட்ரோலரில் பழுதே இல்லை. டூயல்ஷாக் வருவதற்குச் சற்று முன் சோனி விற்ற டூயல் அனலாக் அது. அமெரிக்கா, ஐரோப்பாவில் விற்றவற்றில் மோட்டார் கிடையாது. ஜப்பானில் விற்ற 1150-இல் மட்டும் அதிர்வு இருந்தது. கைப்பிடிகள் நீளமாகவும், ஸ்டிக்கின் தலை குழிவாகவும் இருப்பதை வைத்துக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். 1997 கடைசியில் ஜப்பானில் வெளிவந்த டூயல்ஷாக்கின் எண் எஸ்சிபிஎச்-1200. அதன் ஸ்டிக் தலை ரப்பர் பூசிக் குமிழாக இருக்கும். ஸ்டிக்கே இல்லாத 1080-இலும் அதிர்வு கிடையாது. அடுத்த முறை பேரம் பேசுமுன் கன்ட்ரோலரைத் திருப்பி எண்ணைப் படித்துவிடுங்கள்.

*கேள்வி: நின்டெண்டோ 64 ரம்பிள் பேக்கில் புது பேட்டரி போட்டும் அசைவில்லை.*
– மாட்டுங்கா வாசகர்

கன்ட்ரோலரில் சொருகும் அதிர்வுப் பெட்டியான ரம்பிள் பேக்குக்குக் கன்சோலிலிருந்து மோட்டார் சப்ளை வருவதில்லை. அது தன் 2 டிரிபிள்-ஏ பேட்டரியில்தான் ஓடுகிறது. "புது பேட்டரி" என்றால் எது? பெட்டிக்கடையில் ரிமோட்டுக்குத் தரும் சாதாரண ஜிங்க் கார்பன் செல் மீட்டரில் 1.5 வோல்ட் காட்டும், மோட்டார் இழுத்தவுடன் தொங்கிவிடும். ஆல்கலைன் என்று கேட்டு வாங்குங்கள். ரீசார்ஜ் செல் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், ஓடும், ஆனால் அதிர்வு கொஞ்சம் மந்தமாக இருக்கும்.

பழைய செல் உள்ளேயே கசிந்திருந்தால் ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி தெரியும். ஆல்கலைன் கசிவு காரத்தன்மை உள்ளது. கையுறை போட்டுக்கொண்டு, இயர்பட்ஸில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடையுங்கள், நுரைத்து அடங்கும். பிறகு ஐசோபிரைல் ஆல்கஹாலால் துடைத்து உலர விடுங்கள். புளிப்பை அப்படியே விட்டுவிட்டால் ஸ்பிரிங்கை அது அரிக்கத் தொடங்கும். துடைத்தபின் உலோகம் பளிச்சென்று தெரியாமல் கறுத்திருந்தால் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். கன்ட்ரோலருக்குள் நுழையும் தங்க நிற விரல்களையும் ஆல்கஹாலால் துடையுங்கள். அங்கே தொடர்பு சரியில்லை என்றால் கேமுக்கு ரம்பிள் பேக் இருப்பதே தெரியாது.

வேறு கம்பெனி பேக் என்றால் பக்கவாட்டில் மெமரி, ரம்பிள் என இரு நிலை சுவிட்ச் இருக்கலாம். மெமரி பக்கம் இருந்தால் அதிராது.

*கேள்வி: கேம்கியூப் கன்ட்ரோலரை நின்டெண்டோ அடாப்டர் வழியாக லேப்டாப்பில் போட்டிருக்கிறேன். அதிர்வு இல்லை.*
– முலுண்ட் வாசகர்

அந்த அடாப்டரில் கறுப்பு, சாம்பல் என இரண்டு யுஎஸ்பி வால்கள். கறுப்பில் டேட்டா போகிறது, சாம்பலில் மோட்டாருக்கான பவர் வருகிறது. இரண்டையும் சொருகுங்கள். கம்பியில்லா வேவ்பேர்ட் கன்ட்ரோலரில் மோட்டாரே கிடையாது, அதில் தேட வேண்டாம்.

*கேள்வி: பிளேஸ்டேஷன் 3-உடன் வந்த ஒரிஜினல் கன்ட்ரோலர் ஆரம்பத்திலிருந்தே அதிரவில்லை.*
– அந்தோப் ஹில் வாசகர்

முன்பக்கம் "சிக்ஸாக்சிஸ்" என்று மட்டும் எழுதியிருக்கிறதா? அப்படியானால் அதில் மோட்டார் இல்லை. 2006-இல் கன்சோல் வந்தபோது, அசைவு சென்சாரை மோட்டார் குழப்பும் என்று சோனி காரணம் சொன்னது. அதே நேரத்தில் அதிர்வுத் தொழில்நுட்பக் காப்புரிமை பற்றி இம்மெர்ஷன் நிறுவனம் 2002-இல் தொடுத்த வழக்கும் ஓடிக்கொண்டிருந்தது. 2007 மார்ச்சில் சமரசம் ஆனது, அந்த ஆண்டு நவம்பரிலேயே டூயல்ஷாக் 3 ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இரண்டையும் கையில் தூக்கினாலே தெரியும்: சிக்ஸாக்சிஸ் சுமார் 135 கிராம், டூயல்ஷாக் 3 ஏறக்குறைய 190 கிராம்.

*கேள்வி: ராஸ்பெர்ரி பை குட்டிக் கம்ப்யூட்டரில், பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோஆர்ச் எமுலேட்டரைப் போட்டு, பழைய டூயல்ஷாக் 2-ஐ மலிவான யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாக இணைத்திருக்கிறேன். வைப்ரேஷன் வருமா?*
– நவி மும்பை வாசகி

மென்பொருள் பக்கம் முதலில். கேம் ஓடும்போது க்விக் மெனுவில் கன்ட்ரோல்ஸ் போய், போர்ட் 1-இன் டிவைஸ் டைப்பைப் பாருங்கள். சாதாரண கன்ட்ரோலர் என்று இருந்தால், அதிர்வே இல்லாத பழைய கன்ட்ரோலர் சொருகியிருக்கிறது என்று கேம் நினைத்துக்கொள்ளும். டூயல்ஷாக் என்று மாற்றுங்கள். கோர் ஆப்ஷன்ஸில் வைப்ரேஷன் அல்லது ரம்பிள் என்று இருப்பதையும் ஆன் செய்து கேமைப் புதிதாகத் தொடங்குங்கள். டெர்மினலில் ஜாய்ஸ்டிக் தொகுப்பை நிறுவினால் கூடவே வரும் எஃப்எஃப்டெஸ்ட் கருவி, எமுலேட்டரைத் தொடாமல் மோட்டாரை நேரடியாக ஓட்டிப் பார்க்கும். அதிலும் அசையவில்லை என்றால் ரெட்ரோஆர்ச்சை நோண்டிப் பயனில்லை.

மிச்சம் கன்வெர்ட்டர். யுஎஸ்பியில் வருவது 5 வோல்ட்தான், கன்ட்ரோலர் எதிர்பார்ப்பது 7.5. மலிவு கன்வெர்ட்டர்கள் பலவற்றில் 5 வோல்ட்டையே 3-வது பின்னுக்குக் கொடுத்துவிடுவார்கள், சிலவற்றில் அந்தப் பின்னை இணைப்பதே இல்லை. முதல் வகையில் அதிர்வு சோம்பலாக வரும், இரண்டாம் வகையில் வரவே வராது. கன்வெர்ட்டரைச் சொருகிவிட்டு 3-க்கும் 4-க்கும் இடையே அளந்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

*கேள்வி: ட்ரீம்காஸ்டில் வைப்ரேஷன் பேக்கை ஆனில் இருக்கும்போதே பிடுங்கிச் சொருகினேன். இப்போது எந்தக் கன்ட்ரோலரும் வேலை செய்யவில்லை.*
– தானே வாசகர்

கன்ட்ரோலர் போர்ட் போர்டில் எஃப்1 என்று குறித்த பியூஸ் ரெசிஸ்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம். நான்கு போர்ட்டுகளுக்கும் போகும் 5 வோல்ட் அதன் வழியாகத்தான் செல்கிறது. பவரைப் பிடுங்கிவிட்டு அளந்து, ஓம்ஸ் காட்டவில்லை என்றால் 10 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுவது வழக்கம். கிராண்ட் ரோடு ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் லாமிங்டன் ரோடு கடைகளில் கேட்டால் கிடைக்கும். மறுபடி மூடியபின், மெமரி யூனிட்டை முதல் ஸ்லாட்டிலும் வைப்ரேஷன் பேக்கை இரண்டாவது ஸ்லாட்டிலும் வைத்து, அதற்குப் பிறகே கன்சோலை ஆன் செய்யுங்கள்.